கோளாம்பியில் கேட்காதது

துக்க வீடுகளுக்கென்று ராபின்சனிடம் தனியாக ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் கறுப்பு நூல் கட்டியிருப்பார். ஒருமுறை கல்யாண வீட்டில் ஜிஜின் அதைத் தெரியாமல் சொருகிவிட, பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தலுக்குள் நுழைகிற நேரத்தில் அடக்க ஆராதனைப் பாட்டு ஒன்று இழுத்துக்கொண்டு புறப்பட்டது. அதற்குப் பிறகு கட்டிய நூல்.

என் கணவர் ராபின்சன் கேரள எல்லையில் பாறசாலையில் மைக் செட் வைத்திருந்தார். ஜிஜின் அவரோடு வேலை செய்தவன், அவரை ஆசான் என்று கூப்பிடுவான். சபை கன்வென்ஷன், கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், கல்யாணம், மரணம், எல்லாவற்றுக்கும் போவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மைக் செட் வந்துவிடும். பிலாவிலோ தென்னையிலோ கோளாம்பியைக் கட்டுவார்கள். வாய் விரிந்த பழைய குழாய் ஒலிபெருக்கிக்கு இங்கே அதுதான் பேர். கிறிஸ்தவ வீடானால் கீர்த்தனைகள், இந்து வீடானால் ராமாயண வாசிப்பு. இரண்டும் அந்த ஒரே பென்டிரைவில் இருந்தன. பாட்டு வரும் திசையைப் பார்த்து ஆட்கள் வழி கண்டுபிடித்து வருவார்கள்.

துக்க வீட்டில் பாக்ஸ் இறக்கக் கூடாது என்பது ராபின்சன் வைத்திருந்த சட்டம். பாக்ஸ் என்றால் ஆள் உயரத்துக்கு அடுக்குகிற பேஸ் பெட்டிகள். கல்யாணத்துக்கும் உற்சவத்துக்கும் உரியவை. "நெஞ்சில இடிக்கிற சாதனத்த துக்கக்காரனுக்க வாசலில கொண்டு வைக்கப்பிடாதுலே" என்று அவர் ஜிஜினிடம் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். கல்யாண அழைப்பு, கன்வென்ஷன் நோட்டீஸ், அஞ்சலி போஸ்டர். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். அவருக்கு நாள் முழுக்கச் சத்தம், எனக்கு நாள் முழுக்க எழுத்து. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் அமைதி போதும் என்றிருக்கும். பிள்ளைகள் இல்லை. கொஞ்சமாகப் பேசி, கொஞ்சமாகச் சாப்பிட்டு, அப்படியே வருடங்கள் போயின.

சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று தெரிந்த வருடம்தான் அவர் புதிதாகப் பேஸ் பெட்டிகள் செய்வித்தார். தனுவச்சபுரத்து ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் அறுத்துக் கூட்டியவை. புதுப் பெட்டி வந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கனத்த அடி உள்ள பாட்டு வேண்டும் என்று ஜிஜின் தன் போனில் தேடி, ஏதோ ஒரு நீளமான மிக்ஸைத் தட்டிவிட்டிருக்கிறான். நான் அப்போது அச்சகத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது ராபின்சன் ஷெட் வாசலில் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளை அணைத்துத் துணி மூடியாகிவிட்டது.

"புஷ்பம், இந்தப் படத்தப் பாரு."

போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மண் தெரு. அலமாரி போன்ற பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவர் அவற்றில் கை ஊன்றி நின்றார். பின்னால் தென்னைகள்.

"இது எந்த உற்சவம்?" என்று கேட்டேன்.

"உற்சவமா? எடீ, இது ஜமைக்காவாக்கும். அவனுவளும் நம்மள மாதிரி மைக் செட்டுக்காரனுவ. பெட்டியத் தெருவில எறக்கிப் பாட்டுப் போடுவானுவ. அந்தப் பாட்டுக்குப் பேரு ரெகே."

"நல்லா இருந்துதா?"

அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "பாட்டு நல்லதா கெட்டதான்னு தெரியல்ல. அடி கொள்ளாம், நல்ல அடி. மத்ததெல்லாம் நெஞ்சில இடிக்கும். இது நெஞ்சுக்குள்ள வந்து உக்காருது."

அவர் அதைத் தன் பெட்டிகளில் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு பெட்டி தூக்கவோ வெயிலில் நிற்கவோ முடியாமல் போனது. செட்டை ஜிஜின் பார்த்துக்கொண்டான். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தொடங்கியது.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜிஜின் எங்களைக் குட்டியானை வண்டியில் கொண்டுபோய் விடுவான். பின்னால் ஒயர்ச் சுருளும் மைக் ஸ்டாண்டும் உருண்டுகொண்டு வரும். முன்னால் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்காருவோம். போகும்போது கால் வீங்கி, மூச்சு வாங்கி இருப்பார். வரும்போது பிழிந்த துணிபோல இருப்பார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், பழம் கூடாது, இளநீர் கூடாது. நாக்கு வறளும்போது ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அவரைப் படுக்க வைத்துவிட்டு நான் கஞ்சி வைப்பேன். கஞ்சி கொதிக்கும்போது அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடுவேன். என் உடம்பு எதிலாவது சாய இடம் தேடிக்கொண்டே இருந்த காலம் அது.

டயாலிசிஸ் படுக்கையில் ஏறிவிட்டால் மணிக்கணக்கில் எழுந்திருக்க முடியாது. அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவர் போனில் அந்த மிக்ஸ்களைத் தேட ஆரம்பித்தார். இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்துக்கொள்வோம். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் படுக்கையோடு ஒட்டிப் போட்டிருப்பேன். ஒரு மிக்ஸ் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓடும். ஒரு பாட்டு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாது.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே பாட்டாகக் கேட்டது. கிற்றார் மட்டும் வெட்டி வெட்டி விழுந்தது.

அடுத்த படுக்கையில் அம்பூரியிலிருந்து வருகிற செல்லசாமி இருந்தார். ரப்பர் வைத்திருப்பவர். எங்கள் இரண்டு பேரையும் ஒயர் இணைத்திருப்பதைப் பார்த்து முதல் நாளே கிண்டல் செய்தார்.

"என்ன ஓய், டாக்டரு உமக்கும் பெஞ்சாதிக்கும் சேத்தா குழாய் போட்டிருக்காரு?"

"கேட்டுப் பாரும்" என்று ராபின்சன் என் காதிலிருந்ததை எடுத்து நீட்டச் சொன்னார். ஒயர் நீளம் போதாமல் நான் போனையே அவர் பக்கம் நகர்த்திப் பிடித்தேன். செல்லசாமி கண்ணை மூடிக் கேட்டார்.

"இது ரப்பர் வெட்டுக மாதிரியாக்குமே இருக்கு. ஒரே வெட்டு. ஒரு மரம் முடிஞ்சா அடுத்த மரம்."

"வெட்டக் கேக்காதேயும் ஓய். வெட்டுக்கும் வெட்டுக்கும் எடையில பாலு எறங்குகில்லா, அதக் கேளும்."

செல்லசாமி மறுபடி கண்ணை மூடினார். நேரமாகியும் திருப்பித் தரவில்லை. ரெஷ்மா சிஸ்டர் வந்து இரத்த அழுத்தம் பார்க்கும்போது அவர் கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது.

ராபின்சன் சொன்ன அந்தப் பால் எது என்று நானும் தேடிக் கேட்டேன். கிற்றாருக்கும் குரலுக்கும் கீழே பேஸ் தனியாக நடந்துகொண்டிருந்தது. இயர்போனில் அது மங்கலாகத்தான் கேட்கும். "இதில பாதிதான் வருது. பாக்ஸ்ல போட்டாத்தான் இது பாட்டு. உனக்கு ஒரு நாளு பாக்ஸ்ல போட்டுக் காட்டணும்" என்று ராபின்சன் அடிக்கடி சொல்வார்.

மிக்ஸ்களைத் தேடித் தேடி ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுவயதில் ஜமைக்காவிலிருந்து போனவர். வாரம் ஒரு பாட்காஸ்ட் போடுவார். முதலில் கொஞ்சம் கதை, பிறகு நீளமாகப் பழைய பாட்டுகள். அவருடைய சமையலறையில் வைத்தே பேசுகிறார்போல. பின்னால் கெண்டி கொதிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு ஆங்கிலம் வாசித்தால் புரியும், காதில் விழுந்தால் பாதிதான். அவருடைய ஆங்கிலத்தில் அந்தப் பாதியும் போய்விடும். ஒரு பகுதியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று தடவை கேட்டு, விளங்கியதை ராபின்சனிடம் சொல்வேன்.

அந்த ஊர்ப் பாட்டு முன்பு வேகமாக ஓடிக்கொண்டிருந்ததாம். ஒரு கோடையில் தாங்க முடியாத வெயில். ஆடுகிறவர்களால் அந்த வேகத்துக்கு ஆட முடியவில்லை. அதனால் பாட்டை மெதுவாக்கினார்களாம். உண்மையா என்று தனக்கே தெரியாது, அப்படித்தான் சொல்வார்கள் என்று பஸ்காரர் சிரித்தார்.

"அப்பம் இது தளந்து போனவனுக்க பாட்டாக்கும்" என்றார் ராபின்சன். "நமக்குள்ளது."

இன்னொரு நாள் அவரே ஒன்றைப் பிடித்தார். ஊசி இல்லாத கையால் படுக்கைக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "பாத்தியா, ஒண்ணாம் அடியப் போடல்ல. விட்டிருக்கான். நம்ம சபையில கைதட்டுனா ஒண்ணில ஓங்கித் தட்டுவோம். இவன் அந்த எடத்தக் காலியா விட்டுட்டுப் போறான். காலியா விட்டும் பாட்டு விழல்ல பாரு." மறுபடி தட்டத் தொடங்கினார். ரெஷ்மா தூரத்திலிருந்து, "அங்கிளே, கை அனக்கல்லே" என்று கத்தினாள், கையை அசைக்கக் கூடாதாம். "இது ஊசி இல்லாத்த கையாணு மோளே" என்று அவர் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஊசி குத்துகிற இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். பூனையின் வயிற்றில் கை வைத்தால் வருமே, அதுபோல. நின்றுவிட்டால் உடனே வர வேண்டும், தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரெஷ்மா சொல்லியிருந்தாள். அந்த வேலையை ராபின்சன் எனக்குத் தந்தார். எழுந்ததும் கையை நீட்டுவார்.

"பேஸ் உண்டா?"

நான் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். "உண்டு."

"அப்பம் சாயா போடு."

இதுதான் எங்கள் வீட்டின் காலை வணக்கமாக இருந்தது.

பென்டிரைவ் பேச்சு வந்ததும் டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு நாள்தான். பக்கத்தில் எங்கோ ஒரு மரணம். வேறு செட்டுக்காரர் கட்டிய கோளாம்பியிலிருந்து கீர்த்தனை வந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"புஷ்பம், ஒரு காரியம் உண்டு. எனக்கு அந்தக் கறுப்பு நூலு போடப்பிடாது."

"இப்பம் என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

"நான் எத்தன வீட்டில போட்டிருப்பேன். கர்த்தரு மன்னிக்கட்டு, கேட்டுக் கேட்டு எனக்கு மடுத்துப்போச்சு. எனக்கு பஸ்காரருக்க மிக்ஸப் போடு. அந்த நீளமுள்ளது. ஜிஜினிட்ட நான் சொல்லியாச்சு. அண்ணன் சண்டைக்கு வருவாரு. அத நீதான் பாத்துக்கிடணும். போடுவியா?"

"போடுவேன்" என்றேன்.

"சும்மா சொல்லப்பிடாது."

"போடுவேன்னு சொன்னேனே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னிடம் தனக்கென்று கேட்ட பொருள் அதிகம் இல்லை. சட்டை வாங்கினால்கூட நான்தான் எடுத்து வருவேன்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் கையை நீட்டவில்லை. உறங்குகிறார் என்று நினைத்து நானே போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். சருமம் இளஞ்சூடாகத்தான் இருந்தது. அடியில் ஒன்றும் ஓடவில்லை. கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு விஜயம்மா ஓடிவந்தாள். ராபின்சனின் அண்ணன் வேதமாணிக்கம் வந்தார். அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர், எதற்கும் முன்னால் நிற்பவர். ஃப்ரீசர் பெட்டி வந்தது. அஞ்சலி போஸ்டருக்கு அச்சகத்திலிருந்து மெய்ப்பு அனுப்பினார்கள், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லத் தோன்றாமல் நானே பார்த்துக் கொடுத்தேன். ஜிஜின் அழுதுகொண்டே பிலாவில் ஏறிக் கோளாம்பியைக் கட்டினான். கட்டிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

பாட்டு தொடங்கிய உடனே வேதமாணிக்கம் உள்ளே வந்தார்.

"எடீ புஷ்பம், இது என்ன கூத்து? இது துக்க வீடாக்கும். கோவளம் பீச்சு இல்ல."

"அவரு கேட்டது அண்ணா."

"அவன் ஆயிரம் கேப்பான். அவனுக்கு என்ன, படுத்தாச்சு. நாளைக்கு சபையில நிக்கப் போறது நானாக்கும். இது சடை வளத்து கஞ்சா குடிக்கிறவனுவளுக்க பாட்டு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத."

எனக்கு வாதாட உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் போடுவேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ராபின்சனின் போனை எடுத்து, அந்த மிக்ஸில் எனக்குத் தெரிந்த இடத்தைத் தேடி வைத்து, இயர்போனை அண்ணனின் காதில் கொடுத்தேன்.

"கேளுங்க. சீயோன்னு பாடுகான். பாபிலோன்னு பாடுகான். அடிமையாக் கொண்டுபோன ஜனம் அழுகுது. வேதத்தில உள்ளதுதானே?"

அவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். நெற்றி சுருங்கியது. "இங்கிலீஷா இது?"

"இங்கிலீஷ்தான்."

மறுபடி கேட்டார். இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"சபையில இருந்து அச்சன் ஜெபிக்க வாறது வரைக்கும். அச்சன் கேட்டை மிதிச்சா நிறுத்தணும். அதுக்கு மேல எங்கிட்ட பேசப்பிடாது."

அப்படி ராபின்சன் கேட்டது நடந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். இயர்போனில் பாதிதான் என்றாரே, மீதியை இன்றைக்காவது கேட்போம் என்றிருந்தேன்.

பிலாவிலிருந்து வந்தது கிற்றாரின் வெட்டு மட்டும். ச்சிக், ச்சிக் என்று தகரத்தில் சுண்டுவதுபோல. அதற்கு மேலே தூரத்தில் யாரோ மூக்கால் பாடினார்கள். அவ்வளவுதான். இயர்போனில் கேட்ட பாதிகூட அதில் இல்லை. வந்தவர்களுக்கு அது பாட்டு என்றே தெரியவில்லை. "மைக்கில என்னமோ கோளாறு" என்று வெளியே யாரோ சொன்னார்கள். "கறண்டு ஏறி எறங்குகாக்கும்" என்றாள் விஜயம்மா. அந்த வீட்டில் அப்போது தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் ஒன்றுதான்.

செல்லசாமி அம்பூரியிலிருந்து மகனோடு வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். முகம் ஊதியிருந்தது. ராபின்சனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து வெளியே கேட்டார். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"வெட்டு மட்டுமாக்கும் கேக்குது. பாலு எங்க?"

அவர் ஒருவர்தான் கவனித்தார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. எல்லாரும் மரணத்துக்கு என்று நினைத்து என் முதுகைத் தடவினார்கள். அச்சன் வந்தார். ஜிஜின் பாட்டை நிறுத்தினான். பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது.

அதற்குப் பிறகு வந்த நாள்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அச்சகத்துக்குப் போனேன், வந்தேன். காலையில் எழுந்ததும் உள்ளங்கை என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கும். உறக்கம் வரவில்லை. படுத்தால் உடம்பு வலிக்கும், கண் மூடாது. பஸ்காரர் வாரம் தவறாமல் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். திறந்து கேட்க மனம் வரவில்லை. செத்துப்போனவரை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது. கேட்டதைச் செய்தாயிற்று, ஆனால் அவர் கேட்டது அது இல்லை. மண் போட்டு மூடியாகிவிட்டது. இனி யாரிடம் போய் இன்னொரு தடவை கேட்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது ஜிஜின் நடையில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில ஒரு கோயில் உற்சவம். போன வருசமே ஆசான் வாக்கு சொல்லியிருந்துது. எடுக்கட்டா வேண்டாமா?"

"எடு. வாக்கு சொன்னதில்லா."

அவன் எழுந்து போகவில்லை. நானும் உள்ளே போகவில்லை. மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஜிஜினே, அண்ணைக்கு நீ ஏன் பாக்ஸ் எறக்கல்ல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "துக்க வீட்டிலயா? அக்கா என்ன பேசுகிய? ஆசானுக்க சட்டமில்லா அது? பாக்ஸ் எறக்கியிருந்தா ஆசான் ஃப்ரீசர்ல இருந்து எந்திச்சு வந்து என் செவுட்டில அடிச்சிருக்கும்."

"அந்தப் பாட்டு கோளாம்பியில எடுக்குமா?"

அவன் நிமிர்ந்து பிலாவைப் பார்த்தான். பேஸ் கோளாம்பியில் ஏறாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அழுதுகொண்டிருந்தவன் அன்றைக்கு எதையும் கேட்டிருக்க மாட்டான்.

"மிக்ஸ் போடுன்னு சொல்லிச்சு" என்றான் மெதுவாக. "எதில போடணும்னு சொல்லல்லியே அக்கா."

"சொல்லல்ல."

"நாப்பது வருசம் மைக் செட்டு நடத்தின மனுசன். எந்தப் பெட்டியிலன்னு சொல்லாமலாக்கும் போயிருக்கு."

அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும். சிரித்து முடிந்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். போகும்போது அவன் கேட்டின் அருகே நின்று சொன்னான்:

"உற்சவத்தண்ணைக்கு உச்சைக்கே பெட்டி எறக்கிடுவோம். செக்கிங் உண்டு. செக்கிங்கில என்ன போட்டாலும் யாரும் கேக்க மாட்டாவ. அக்கா வாங்க."

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவ்வளவு தூரம், அந்த வெயிலில். ஆனால் அன்றைக்குக் குட்டியானை வாசலில் வந்து நின்றபோது சேலை மாற்றியிருந்தேன். கேட்டைப் பூட்டும்போது வேதமாணிக்கம் எதிரே வந்தார்.

"எங்க போற?"

"செக்கிங் பாக்க. நெய்யாற்றின்கரைக்கு."

"கோயில் உற்சவத்துக்கா? ஆளு போய் எவ்வளவு நாளாச்சுன்னு நெனப்பு?" என்றார். அவர் வண்டியின் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். தனுவச்சபுரத்துப் பெட்டிகள். தார்ப்பாயின் ஓரத்தில் தம்பியின் பேர் வெள்ளைப் பெயிண்டில் தெரிந்தது.

"நீங்கிக்க" என்று என்னை நடுவில் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டார். "ஒத்தைக்குப் போகப்பிடாது."

அமரவிளைப் பாலம் தாண்டிப் போனோம்.

கோயில் மைதானத்தில் ஆள் இல்லை. கானமேளாவுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடையில் இரண்டு மூன்று பேர். வேதமாணிக்கம் கோயில் பக்கம் வராமல் ரோட்டோரத்து வெயிட்டிங் ஷெட்டில் போய் உட்கார்ந்தார். ஜிஜினும் இரண்டு ஆட்களும் பெட்டிகளை இறக்கி அடுக்கினார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து பெட்டிகளுக்கு முன்னால் போட்டான். ராபின்சனின் போனை என்னிடமிருந்து வாங்கி மிக்சரில் சொருகினான்.

முதலில் பஸ்காரரின் குரல் வந்தது. அவர் சமையலறையில் கெண்டி கொதிக்கும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பிறகு பாட்டு.

ஒண்ணாம் அடியை விட்டிருந்தது. அடுத்து வந்ததை நான் காதால் கேட்கவில்லை. தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி வந்தது. மேடைத் தகரம் லேசாக நடுங்கியது. எனக்குத் தெரிந்த பாட்டுதான், டயாலிசிஸ் அறையில் எத்தனையோ தடவை கேட்டது. ஆனால் அன்றுவரை அதன் மேல்தோலைத்தான் கேட்டிருக்கிறேன். இடிக்கவில்லை. அவர் சொன்னதுபோல உள்ளே வந்து உட்கார்ந்தது.

கமிட்டி பேட்ஜ் குத்திய ஒருவர் வந்தார். உண்ணி என்று ஜிஜின் கூப்பிட்டான். "இதேது பாட்டாடா?" என்று கேட்டார்.

"ஆசான்றே செக்கிங் பாட்டாணு சேட்டா."

உண்ணி என்னைப் பார்த்தார். புரிந்திருக்க வேண்டும். "ராபின்சண்ணன்றே ஆணெங்கில் ஓடட்டே" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போனார்.

நான் எழுந்து பெட்டியின் அருகே போனேன். அடியில் இருந்த பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். பிளைவுட் வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. அதற்கு அடியில் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இருந்தது.

"உண்டு" என்றேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, தோளை அதில் சாய்த்து உட்கார்ந்தேன். ரோட்டைத் தாண்டி வேதமாணிக்கம் வருவது தெரிந்தது. கோயில் நுழைவாயில் வளைவுக்கு வெளியே நின்றுவிட்டார். நெஞ்சில் கை வைத்திருந்தார். வாயசைத்து என்னவோ கேட்டார். இதாக்குமா அது என்று கேட்டிருப்பார். நான் தலையசைத்தேன்.

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது, மேடையில் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள், என் தோளுக்குக் கீழே அந்த மிக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜிஜின் பிறகு சொன்னான். மிக்ஸ் ஒருமுறை முடிந்துவிட்டதாம். பெட்டிகளை அணைக்கப் போனவனை வளைவுக்கு வெளியே நின்றிருந்த வேதமாணிக்கம் கைதட்டிக் கூப்பிட்டாராம்.

"அணைக்காதலே. அவ உறங்குகா. இன்னொரு தடவ போடு."